நியூஸ் ராத்தாவும் தப்பியோடிய ஆடும்

உலகத்தில் எத்தனையோ செய்தி வாசிப்பாளர்கள் இருக்கிறார்கள். கன்று ஈன்ற எருமைக்குத் 'திருமதி' போட்டுச் செய்தி வாசித்தவர் எங்கள் நியூஸ் ராத்தா ஒருவர்தான்.

கால்நடைத் தாதிப் பயிற்சிக்காக விடுதியில் பதினாறு பெண்கள் தங்கியிருந்தோம். நான் மருதமுனை, ராத்தா சம்மாந்துறை. கோழிப் பண்ணையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்ததால் எங்களுக்கெல்லாம் மூத்த அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா. அவருடைய சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. காலையில் இடியப்பமும் சம்பலும் மேசைக்கு வந்ததும், அகப்பையை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு எழும்பிவிடுவார்.

"விலங்குச் செய்திகள். சம்மாந்துறை அரிசி ஆலையடியில் திருமதி எருமை வழிவிட மறுத்ததால் உழவு இயந்திரங்கள் வரிசையில் நின்றன. எருமை கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை. மருதமுனையில் பூனை ஒன்று சூரை மீனோடு பிடிபட்டது. விசாரணை தொடர்கிறது."

பால்காரர், மீன்காரர் என்று ஊர் முழுக்க ஆள் வைத்திருந்தார். அவர்கள் போனில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒரு சட்டம்தான்: செய்தியில் மனிதர் பெயர் வராது.

ஒருநாள் பக்கத்து அறைப் பிள்ளை வெட்கத்தோடு வந்தாள். "ராத்தா, எனக்குக் கலியாணம் பேசிட்டாங்க. நியூஸ்ல சொல்லுங்களன்."

"மாப்பிள்ளைட வீட்டுல மாடு இருக்கா?"

"இல்ல."

"அப்ப செய்தி இல்ல புள்ள."

எனக்கோ கஷ்டகாலம். வாப்பாவோடு சண்டை பிடித்துத்தான் பயிற்சிக்கே வந்திருந்தேன். "மாட்டுக்கு ஊசி போடவா பொம்புளப் புள்ளய படிப்பிச்ச?" என்று மாமா வேறு நெருப்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். செய்முறைப் பரீட்சையில் தவறினால் இன்னொரு தடவை செய்யலாம். அதிலும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பரீட்சை இதுதான்: ஓர் ஆட்டை அசையாமல் நிறுத்தி, பின்பக்கம் தெர்மாமீட்டர் வைத்து, வெப்பம் பார்த்து, ஊசி போட வேண்டும். ஊசியை எடுக்கத் திரும்பினேன். பிடி தளர்ந்தது. ஆடு கம்பி நீட்டிவிட்டது. தெர்மாமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, ஆடுதான் இல்லை. அது பரீட்சகரின் தேநீரைக் கவிழ்த்து, கொடியில் காய்ந்த வெள்ளைக் கோட்டைக் கொம்பில் மாட்டிக்கொண்டு பயிற்சி நிலைய வளவைச் சுற்றி ஓடியது. நான் பெயில்.

மறுநாள் காலை தலையைக் குனிந்துகொண்டு மேசைக்குப் போனேன். ராத்தா அகப்பையைத் தூக்கினார். எழும்பி ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன்.

"நேற்று வெள்ளைக் கோட்டணிந்த ஆடு ஒன்று பரீட்சை மண்டபத்திலிருந்து தப்பிச் சென்றது. தெர்மாமீட்டரைத் திருடியதாகக் கூறப்படுவதை ஆடு முற்றாக மறுத்துள்ளது."

சம்பல் மூக்கில் ஏறும்வரை எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கை கழுவும்போதுதான் கவனித்தேன், அத்தனை பேரும் ஆட்டைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

இரண்டாம் தடவை ஆட்டைப் பிடிக்கத் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ராத்தா வந்தார். அதே ஆடு. என்னைக் கண்டதும் அதற்குப் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும், முரண்டு பிடித்தது. ராத்தா அதன் காதருகே குனிந்தார்.

"விலங்குச் செய்திகள். சவளக்கடையில் அறுவடை முடிந்த வயலுக்கு வாத்துகள் திரும்பின..."

பரீட்சகர் நிமிர்ந்தார். "என்ன பிள்ள செய்யிறீங்க?"

"மெல்லக் கதைச்சா மிரளாது எண்டு நீங்கதானே சேர் படிப்பிச்ச."

அவர் மறுபடி புள்ளித் தாளுக்குக் குனிந்தார். ஆடு காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. நானும் வாத்துகளின் பின்னால் போய்விட்டேன். தெர்மாமீட்டர் பத்திரமாக வெளியே வந்தது, ஊசி உள்ளே போனது.

அடுத்த நாள் செய்தி சுருக்கமாக இருந்தது. "ஆட்டின் உடல் வெப்பம் நூற்றிரண்டரை. ஆடு நலம்." ராத்தா கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "ஊசி போட்டவர், மருதமுனை ஷிபானா."

எல்லாத் தலைகளும் தட்டிலிருந்து நிமிர்ந்தன. "ராத்தா, மனுசர்ட பேரச் சொல்லிட்டீங்க," என்றாள் ஒருத்தி.

"ஆடு சொல்லச் சொன்ன. நான் என்ன செய்யிற," என்று அவர் இடியப்பத்தைப் பிய்க்கத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது சவளக்கடைப் பக்கத்து மாட்டுப் பட்டிகளில் நான் ஊசியோடு நிற்கிறேன். மிரளும் மாடுகளின் காதில் செய்தி வாசிக்கிறேன். முடிக்கும்போது ஒரு மனிதரின் பெயரையும் சொல்லிவிடுவேன். வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்த அந்தப் பெயரை.