நேச நாடு நம் வீட்டில் சோறு தின்ற விபரம்

கடற்கரை வீதி,
சாய்ந்தமருது.

அன்பும் மரியாதையும் உள்ள மருமகன் அஸ்ஹர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மாமா சீனிமுகம்மது எழுதிக்கொள்வது. இங்கு நானும் சுகம், வீடும் சுகம், கிணற்றுத் தண்ணீரும் இந்த வருடம் உப்பில்லாமல் சுகம். அங்கே டோஹாவில் நீங்களும் மகள் மர்ஷூதாவும் பிள்ளைகள் இரண்டும் அந்தச் சூட்டுக்குள் வாடாமல் இருக்க ஐந்து நேரத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கென்று யோசிப்பீர்கள். போனில் படத்தோடு கதைத்தால் மகள் என் முகத்தைப் பார்க்கிறாளே தவிர நான் சொல்வதைக் கேட்பதில்லை. என் முகமோ நான் சொல்லிக் கொடுத்ததை ஒருநாளும் ஒழுங்காய்ச் சொன்னதில்லை. அதனால்தான், லீவு முடிந்து டோஹா திரும்பும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கருவாட்டுப் பார்சலோடு இதையும் கொடுத்து விடுகிறேன். கருவாட்டை மகளிடம் கொடுங்கள், கடிதத்தை நீங்கள் மட்டும் வாசியுங்கள். விஷயம் இதுதான். பேஸ்புக்கில் நான் அழுகிற வீடியோவை அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் போனெடுத்து, “வாப்பா, வீட்டப் பூட்டிச் சாவிய ஆருட்டயாச்சும் குடுத்திட்டு வாங்க, விசா எடுக்கிறம். இல்லாட்டி நான் வேலையயும் விட்டுட்டுப் புள்ளையளயும் கூட்டிட்டு வந்திருவன்” என்று ஒரே அழுகை. மருமகன், விசா வேண்டாம். நீங்கள் யாரும் வரவும் வேண்டாம். அது கொச்சிக்காய் உறைப்பில் வந்த கண்ணீர். அது எப்படி வந்தது என்பதை முறைப்படி விளக்கவே இந்தக் கடிதம்.

நமது நாட்டுக்கும் ஒரு நேச நாட்டுக்கும் இடையில் முதலீட்டு ஒத்துழைப்பு என்று ஒரு கதை அடிபடுகிறது. எந்த நாடு என்று எழுத மாட்டேன். ஒப்பந்தம் ஆகும் வரை பேர் வெளியில் வரக்கூடாது என்பது கமிட்டியின் கட்டளை. தேத்தண்ணிக் கடையில் கேட்டால் பேரோடு சேர்த்துத் தலைநகரமும் சொல்வார்கள், அது வேறு விஷயம். அந்த நாட்டார் நம் கடற்கரையில் மீன் பதனிடும் தொழிற்சாலை போடலாமா என்று இடம் பார்க்க வருகிறார்கள், வந்தால் ஊரில் பகல் சாப்பாடு என்று செய்தி வந்தது. உடனே வரவேற்புக் கமிட்டி ஒன்று போட்டார்கள். ஊரில் கலியாண வேலை பார்க்கிற அதே ஆட்கள்தான். தலைவரும் அதே ஷரிபுதீன் ஹாஜியார்தான், பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடுகிறவர். அவருக்குத் தெரிந்த ராஜதந்திரம் கலியாணம் பேசுவது ஒன்றுதான். “முதலீடெண்டா என்ன, கலியாணம் மாதிரித்தான். விசாரிக்கிற, பேசுற, சோறு போடுற, நாள் குறிக்கிற. முடிஞ்சி” என்று முதல் கூட்டத்தைத் தொடங்கி வைத்தார். அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவர், வீடு வளவு எல்லாம் பெண் பக்கம் கொடுப்பது. இங்கேயோ வருகிறவர்களே காசும் கொண்டு வருகிறார்களாம். அப்படியென்றால் யார் மாப்பிள்ளை, யார் பெண் என்று இஷாவுக்குப் பிறகு தொடங்கிய வாக்குவாதம் தேத்தண்ணிச் சட்டி காலியாகும் வரை போனது. “காசயும் கொண்டு, வீட்டோடயும் வந்து இரிக்கிற மாப்பிள்ள கல்முனைப் பக்கம் ஆருக்காச்சும் வாய்ச்சிரிக்கா? இதுல என்னமோ இரிக்கி” என்றார் ஒருவர். இன்னொருவர் இன்னும் ஆழமாய்ப் போய், “அவங்களுக்கு வேற ஊர்ல ஏற்கெனவே ஒரு தொழிற்சால இரிக்கா எண்டு விசாரிச்சீங்களா?” என்று கேட்டார். 

விருந்துக்கு வீடு தேடினார்கள். ஹாஜியார் நேரே என்னிடம் வந்தார். “சீனி காக்கா, ஒங்கட வீடுதான் தோது. பெரிய வீடு, ஆள் அரவமில்ல, புது பாத்ரூமும் இரிக்கி” என்றார். போன லீவில் பிள்ளைகளுக்காக நீங்கள் கட்டிய அந்தக் கொமட் போட்ட குளியலறைதான் இரு நாட்டு உறவில் நம் வீட்டுக்குக் கிடைத்த இடம். ஆள் அரவமில்லை என்பதையும் ஒரு வசதியாகச் சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன். ஆனால் சொல்ல வேண்டும் மருமகன், அந்தக் கிழமை வீட்டுக்கு ஆட்கள் வந்த மாதிரி உங்கள் கலியாணத்துக்குப் பிறகு வந்ததில்லை. கமிட்டியில் ஒவ்வொருவராய் வந்து, சுகம் விசாரித்து, குளியலறைக்குள் போய்த் தண்ணீர் இழுத்துப் பார்த்து, “மாஷா அல்லாஹ், நல்லாத்தான் வேல செய்யிது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். சிலர் இரண்டாம் தரமும் வந்து பார்த்தார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. விருந்து நாள் காலையில் மேல் தாங்கியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மோட்டரும் ஓடவில்லை. கடைசியில் நேச நாட்டின் வசதிக்காக ஹாஜியார் வெள்ளைச் சேட்டோடு வாளி தூக்கிக் குளியலறை வாசலில் நிற்க வேண்டி வந்தது.

சாப்பாடு, ஊர்க் கலியாணங்களுக்குச் சமைக்கிற சபியா உம்மாவின் பொறுப்பு. நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், கோழிப் பொரியல், அச்சாறு. பரணில் இருந்த நமது பெரிய சஹன் தட்டை இறக்கிப் புளி போட்டுத் துலக்கினேன், மற்ற ஐந்தும் பள்ளிவாசலில் வாங்கினோம். பகல் வருவதாய்ச் சொன்னவர்களைச் சம்மாந்துறைக்காரர் நடுவழியில் மறித்து, அரிசி ஆலை காட்டுகிறோம் என்று கூட்டிப்போய்ச் சோறும் போட்டுவிட்டார்கள். இது நமக்குத் தெரியாது. லுஹர் தொழுது வந்து காத்திருந்தோம். சோற்று வாசத்தில் கமிட்டிக்கு நிலை கொள்ளவில்லை. “சோறு ஆறினா வாறவங்களுக்கு மரியாதையில்ல” என்று ஹாஜியார் முதல் சஹனைத் திறந்தார். அவரோடு ஒரே சஹனில் இருந்தவர்களுக்குத் தெரியும், இறைச்சி எந்தப் பக்கம் கிடந்தாலும் கடைசியில் அவர் பக்கம்தான் போய்ச் சேரும். ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, வாகனங்கள் வந்து நின்றபோது பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. நம் வீட்டுச் சஹன் ஒன்றுதான் மூடியபடி இருந்தது. ஊர்ப் பிரமுகர்கள் எல்லாம் கை கழுவி, ஏப்பம் விட்டபடி, விருந்தாளிகளைச் சாப்பிட வாருங்கள் என்று அழைத்தார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர், மொழிபெயர்க்கக் கேசினி என்று கல்முனைப் பிள்ளை ஒன்று. இரண்டு பேர் வயிற்றைத் தடவிக் கும்பிடு போட்டுவிட்டுக் கடல் பார்க்கப் போய்விட்டார்கள், ஊரும் அவர்கள் பின்னால் போய்விட்டது. மூன்றாமவர் நரைத்த மனிதர், பொருளாதார ஆலோசகராம். சம்மாந்துறையில் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனில் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டு இருந்துவிட்டாராம், அதனால் பசி. பாயில் இருக்க அவருக்கு முழங்கால் மடியவில்லை, கஷ்டப்பட்டு ஒரு மாதிரி இருந்தார். கேசினி பக்கத்தில் நின்று, இது சஹன், ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது, அவரவர் தன் பக்கம் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், நல்ல துண்டு வந்தால் மற்றவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை என்று விளக்கினாள். ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அவரும் நானும் இருந்தோம். நான் “இத உங்கட வீடா நெனச்சுச் சாப்பிடுங்க” என்று உபசாரத்துக்குச் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுக் கூரையையும் சுவரையும் நன்றாய்ப் பார்த்தார். விட்டால் வீட்டையே எடுத்துக்கொள்வார் போல. வீடு மர்ஷூதாவின் சீதன வீடு, இரண்டு நாடும் கைச்சாத்திட்டாலும் அவள் கையெழுத்தில்லாமல் ஒன்றும் நடக்காது என்று சொல்லச் சொன்னேன். கேசினி சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு அவர், இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து பேர் என்றேன், பொய்யில்லையே. மற்ற நாலு பேரும் எப்போது வருவார்கள் என்றார். அந்தக் கேள்விக்கு நான் சளைக்கவில்லை. “அது பரிசீலனையில இரிக்கி எண்டு சொல்லுங்க மகள்” என்றேன். ராஜதந்திரம் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது.

அந்த நேரத்தில்தான் சபியா உம்மாவின் அச்சாறில் கிடந்த கொச்சிக்காய் கடிபட்டுக் கண் கலங்கியது. சப்ரி என்று ஒருவர் பேஸ்புக்கில் ஊர்ச் செய்தி நடத்துகிறார், அவர் வாசலில் நின்று அதைப் பிடித்து, “தொழிற்சாலை வருகிறது! ஆனந்தக் கண்ணீர் வடித்த முதியவர்!” என்று போட்டுவிட்டார். நீங்கள் அனுப்பிய புதுச் சேட்டின் கழுத்தில் அளவு ஒட்டிய துண்டு இருப்பதுகூட அதில் தெரிகிறது. கடைசியில் விருந்தாளிகள் போகும்போது விஷயத்தைச் சாதகமாய்ப் பரிசீலிப்போம் என்றார்கள். ஹாஜியார் அந்த இடத்திலேயே இனிப்பென்று வட்டிலப்பம் பங்கிட்டார். கலியாணம் பேச வந்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பினால் என்ன அர்த்தம் என்று இத்தனை கலியாணம் பார்த்தவருக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

ஆகவே மருமகன், நடந்தது இவ்வளவும்தான். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஆட்கள் வருவதும் போவதுமாய் வீடு கலகலப்பாய் இருக்கிறது, மகளைப் போல் இருந்து கதைத்துப் போக ஊரில் எத்தனை பேர். பிள்ளைகளின் படிப்பைக் குழப்ப வேண்டாம், அவள் வேலையை விட வேண்டாம், டிக்கட்டுக்குக் காசைக் கரைக்க வேண்டாம். அழுகிறவளிடம் அது கொச்சிக்காய் என்று சொல்லி நீங்கள்தான் சமாதானம் பண்ண வேண்டும்.

அல்லாஹ் உங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக, பிள்ளைகளுக்கு நீண்ட ஹயாத்தையும் நல்ல புத்தியையும் தருவானாக. சபியா உம்மாவும் ஹாஜியாரும் சலாம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
சீனிமுகம்மது

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டினதுக்குப் பிறகு திரும்பப் பிரிச்சு எழுதிறன். சபியா உம்மாவும் ஹாஜியாரும் சலாம் சொல்லல்ல, அவங்களக் கண்டு நாளாச்சி. விருந்துக்கு மறுநாள் கதிரையெல்லாம் ஏத்திட்டுப் போனவங்கதான், பிறகு இந்தப் பக்கம் ஒரு குஞ்சும் வரல்ல. பாத்ரூம் நல்லா வேல செய்யிது, பாக்கத்தான் ஆளில்ல. அது கொச்சிக்காயும் இல்ல மருமகன். சபியா உம்மா வெளிநாட்டாருக்கெண்டு அச்சாறுல சீனிதான் அள்ளிப் போட்டிருந்தா. அந்த மனிசன் இருந்தாப்போல நெஞ்செலும்புத் துண்டொண்ட எடுத்து என்ட பக்கம் தள்ளி வெச்சார். உங்கட மாமி ஹயாத்தா இருந்த காலத்துல அப்பிடித்தான் வெப்பா. அவ மவுத்தானதுக்குப் பிறகு என்ட பக்கம் ஒருத்தரும் ஒண்டும் தள்ளினதில்ல. என்ன செய்யிற, கண் கேக்கல்ல. மர்ஷூதாவும் ஒவ்வொரு பெருநாளைக்கும் “பாப்பம் வாப்பா” எண்டுதான் சொல்றா, அதுவும் பரிசீலனதானே.

மேல எழுதினதுல விசா வேணாமெண்டத மட்டும் வெச்சிட்டு மத்ததெல்லாத்தையும் வெட்டிருங்க. அவள் வாறனெண்டா மறிக்க வேணாம். வேலைய விட்டுட்டு வரவும் வேணாம், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவு போட்டுட்டு எல்லாருமா வந்து போங்க, போதும். சஹன நான் இன்னும் பரண்ல ஏத்தல்ல. நீங்க, மர்ஷூதா, புள்ளையள் ரெண்டும், நான், அஞ்சி பேர். ஆறாவது இடத்துக்கு ஷரிபுதீன் ஹாஜியாரக் கூப்பிடுவம். இறைச்சியெல்லாம் தன்ட பக்கம் இழுப்பார்தான், இழுத்திட்டுப் போகட்டும்.