வௌவாலுக்குப் பெட் கிடைத்த கதை

ஒரு காட்டில், அதாவது ரோடு போட வெட்டியது போக மிச்சமிருந்த காட்டில், ஒரு மனநல ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே தயாளன் என்கிற கீரி டாக்டர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தது. அதற்குக் கற்றுக்கொடுத்த பெரிய டாக்டர் ஒரு கொக்கு.

"நோயாளிகிட்ட ஒரு கேள்வி கேளு. கேட்டுட்டு சும்மா நில்லு. பதில் தானா வரும்" என்று கொக்கு முதல் நாளே சொல்லிவிட்டது.

கொக்குக்கென்ன, ஒற்றைக்காலில் அரை நாள் நிற்கும். கீரிக்கு அரை நிமிஷம் நின்றாலே உடம்பு அரிக்கும். அதனால் அது படிவத்தை நம்பியது. படிவத்தில் இருபத்தெட்டுக் கேள்விகள். பதில் கோளாறாக இருந்தால் டிக். இருபது டிக் விழுந்தால் வார்டில் பெட். அவ்வளவுதான் மருத்துவம்.

ஒரு மத்தியானம் பவளம் என்கிற வௌவால் வயிற்றில் குட்டியை ஒட்டவைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் வந்தது. நாற்காலி சரிப்படாமல் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டது.

"தம்பி, எங்க மரத்தை..."

"இருங்கக்கா, வரிசையாத்தான் போகணும். ராத்திரி தூக்கம் வருதா?"

"ராத்திரி எவனாவது தூங்குவானா?"

டிக்.

"மத்தவங்களுக்குக் கேக்காத சத்தம் உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம? அதை வச்சுத்தானே கொசு பிடிக்கிறேன்."

"அந்தச் சத்தத்தை யாருக்கா போடுறது?"

"நான்தான்."

கீரி பேனாவை இறுக்கிப் பிடித்தது. இப்படியொரு கேஸ் புத்தகத்தில்தான் வரும்.

"தம்பி, எங்க மரத்தை வெட்டி..."

"பதினேழாவது கேள்வியில வீடு வருது. அப்போ சொல்லுங்க."

பதினேழும் வந்தது. "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"வீடே இல்லப்பா."

"சரி, நல்லா இல்லைன்னு போட்டுக்கிறேன்."

மொத்தம் இருபத்தேழு டிக். பசி ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது.

கீரி படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கொக்கைக் கூட்டிவந்தது. கொக்கு படிவத்தைப் பார்த்தது. கம்பியில் தொங்குவது யாரென்றும் பார்த்தது. கீரி இரண்டாவதைச் செய்யவே இல்லை.

"எதுக்கும்மா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

கீரி வாயைத் திறந்தது. கொக்கு ஒரு பார்வை பார்த்தது. மூடிக்கொண்டது.

"எங்க இலுப்பை மரத்தை ரோட்டுக்காக வெட்டிட்டாங்க" என்றது வௌவால். "பொந்து போச்சு. மூணு நாளா கரடியோட டீக்கடைத் தகரத்துக்கு அடியில குட்டியோட தொங்குறேன். கீழ அடுப்புப் புகை. வெளிய வந்தா காக்கா கொத்துது. இங்க இருட்டா ஒரு ரூம் இருக்குன்னு சொன்னாங்க."

நியாயமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் கீரி திருந்தி, எல்லாரும் கைதட்டி, முடிந்திருக்கும். நோய் எதுவும் இல்லை என்று கொக்கு சரியாகக் கண்டுபிடித்துவிட்டதே.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. நீங்க போகலாம்."

"எங்க போக?"

கேட்டுவிட்டு வௌவால் சும்மா தொங்கியது.

கொக்கு இத்தனை வருஷத்தில் கேள்விக்கு அந்தப் பக்கம் நின்றதே இல்லை. காலை மாற்றிக்கொண்டது. இன்னொரு தரம் மாற்றிக்கொண்டது. குட்டி தும்மியது, டீக்கடைப் புகை இன்னும் போகவில்லை. மரம் போனவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் பெட் கிடையாது. இருபது டிக்குக்கு உண்டு.

"தயாளா, அருமையான டயக்னோசிஸ்" என்று சொல்லிக் கொக்கு படிவத்தில் கையெழுத்துப் போட்டது.

பவளத்துக்கு ஒரு இருட்டு அறையும் தொங்க ஒரு உத்தரமும் கிடைத்தன. வாராவாரம் கீரி வந்து அதே இருபத்தெட்டையும் கேட்கும். அதே இருபத்தேழு டிக் விழும். "குணமாக நாளாகும்க்கா" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போகும். குட்டி அந்த அறையிலேயே பறக்கப் பழகியது.

அடுத்த மாதம் பவளத்தின் சொந்தக்காரர்கள் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். ஆளுக்கு இருபத்தேழு டிக். இது பரம்பரை நோய் என்று கீரி கட்டுரை எழுதி மெடல் வாங்கியது. மேடையில் கொக்குதான் மெடலைப் போட்டுவிட்டது. போட்டுவிட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றது.

நீதி: நோயாளி சொல்வதை முழுசாகக் கேளுங்கள். ஆனால் கேட்டதைப் படிவத்தில் எழுதித் தொலைத்துவிடாதீர்கள், பெட் கிடைக்காது.