இலை போட்ட பிறகு ஒரு வரலாறு

மனிதகுலம் இதுவரை பசிக்காகவே சாப்பிட்டு வந்தது. அந்த அநாகரிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை திருச்சிக்கே உரியது. மலைக்கோட்டைப் படிகளின் பாதியில் திறந்திருக்கும் 'பாரம்பரிய அனுபவ உணவகத்தில்' இலை போடுவார்கள். உடனே சோறு போட்டுவிட மாட்டார்கள். முதலில் அந்தச் சோற்றின் வரலாறு. அதை முழுதாகக் கேட்டவருக்கே சாப்பாடு.

'சுற்றுலா உணவு மேன்மைக் குழு'வின் கௌரவ உறுப்பினர் என்ற முறையில் போன செவ்வாய்க்கிழமை மதியம் ஆய்வுக்குச் சென்றேன். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. எனக்குச் சொன்ன சோற்று வரலாறு பதினோரு நிமிடத்தில் முடிந்தது. ஒரு முறைகூட நான் வாய் திறக்கவில்லை. கொட்டாவியையும் கைக்குட்டைக்குள் விட்டேன். சாமைச் சோறும் பாயசமும் வந்தன.

பக்கத்து மேசையில் பச்சைமலை விவசாயி நல்லுசாமியும் அவர் மனைவி செல்லக்கிளியும் உட்கார்ந்தார்கள். மேலே தாயுமானவரைக் கும்பிட்டு இறங்கிய களைப்பு. இலை விழுந்ததும் செல்லக்கிளி பையைத் திறந்து கணவருக்கு இன்சுலின் ஊசி போட்டார்.

கால் மணி நேரம் கழித்து, பட்டுத் தலைப்பாகையும் கன்னத்தோரம் மைக்குமாக 'வரலாற்று அலுவலர்' இளவரசன் வந்து நின்றார்.

"பெருமக்களே! இன்று தாங்கள் உண்ணப்போவது பச்சைமலைச் சாமை. வானளாவிய சாமை மரங்களின் உச்சியிலே..."

நல்லுசாமி மெதுவாகக் கையைத் தூக்கினார். "தம்பி, சாமை மரத்துல காய்க்காதுங்க. இடுப்பு உசரப் பயிரு. நானே ரெண்டு ஏக்கர் போட்டிருக்கேன்."

இளவரசன் மைக்கைப் பொத்திக்கொண்டார். "ஐயா, குறுக்க பேசினா மறுபடி முதல்லேருந்து சொல்லணுங்க. இங்க விதி அப்படி."

மரம் மீண்டும் வளர்ந்தது. இம்முறை ஏழு கன்னியர் அதில் ஏறி, பௌர்ணமி நிலவில் கிளைகளை உலுக்கினார்கள்.

"எங்க ஊர்ப் பொண்ணுங்க எதுக்குப்பா மரம் ஏறுறாங்க?"

"முதல்லேருந்து," என்றார் இளவரசன், உண்மையான வருத்தத்துடன்.

"சும்மாதான் கேளுங்களேன்," என்றார் செல்லக்கிளி. "மரம்னா மரமாவே இருந்துட்டுப் போவட்டும்."

"பொய்யைக் கேட்டுக்கிட்டு எப்படிடி கை நனைக்கிறது?"

மூன்றாம் முறை மரம் பாதி வளர்வதற்குள் நல்லுசாமியின் நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்கின. செல்லக்கிளி எழுந்துவிட்டார்.

"தம்பி, ஊசி போட்டு அரை மணி ஆவப்போவுது. சாப்பிடலேன்னா சக்கரை ரொம்ப எறங்கிடும். ஒரு பிடி சோறு வைங்க. கதையை அப்புறமா கேக்குறோம்."

"சாப்பிட்டவங்க யாரும் கதை கேக்குறதில்லைங்கம்மா. போன மாசம் முயற்சி பண்ணிப் பார்த்தோம்."

"இலை போட்டா சோறு வரும்னு நம்பித்தானே ஊசி போட்டேன்?"

'வாடிக்கையாளருக்கு விழிப்புணர்வு போதாது' என்று குறித்துக்கொண்டேன். என் பாயசம் தொடப்படாமல் இருந்தது உண்மைதான். ஆனால் பதினோரு நிமிடம் கேட்டு ஈட்டிய பாயசத்தைக் கேட்காத ஒருவருக்குக் கொடுத்தால் தரம் என்னாவது?

அப்போதுதான் அந்த அசம்பாவிதம் நிகழ்ந்தது. எச்சில் இலை எடுக்கும் காளியாயி வாளியைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். நான்கு இட்லி, ஓரத்தில் சர்க்கரை. சர்க்கரையை அள்ளி நல்லுசாமியின் வாயில் போட்டார். பிறகு இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார்.

"முழுங்குங்கண்ணே. இதுக்குக் கதை ஒண்ணும் கெடையாது. காலையில அவிச்சது."

மூன்றாவது இட்லியில் நல்லுசாமிக்குக் கண் தெளிந்தது. "இதுல பொய்யே இல்ல தாயி," என்றார்.

உணவகத்துக்கு ஐந்து நட்சத்திரம் பரிந்துரைத்தேன். காளியாயி மீது இரண்டு குற்றங்கள் பதிவு செய்தேன்: வெளி உணவை உள்ளே கொண்டுவந்தது, வரலாறு கூறாமல் பரிமாறியது. அவரை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். குழுவின் பரிந்துரைக்கு இவ்வளவு விரைவில் பலன் கிடைத்தது இதுவே முதல் முறை.

இதே மலையின் மேலே இருக்கிற சாமியும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்துகொண்டார். காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாத பெண்ணுக்குத் தானே தாயாக வந்து பிரசவம் பார்த்தார். வெளியாள். அனுமதிச் சீட்டு இல்லை. பயிற்சிச் சான்றிதழும் இல்லை. அன்றைக்கு எங்கள் குழு இல்லாமல் போனது அவர் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் அவர் மீதும் எழுதியிருப்பேன், பாயசத்தைச் சாப்பிட்டுக்கொண்டே.