பச்சை சூப்பும் ஒரு தலையாட்டலும்

தன் கையால் சமைத்ததை ஒரே ஒருமுறை சாப்பிட்டவர்கள், இனி ஜென்மத்துக்கும் தன்னைச் சமைக்கச் சொல்லக் கூடாது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, மீசையைத் தடவிக்கொண்டு எடுத்த சபதம் அது.

கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். யாருக்குப் பார்வை மங்கினாலும் அவரிடம்தான் வருவார்கள். தன் வீட்டில் நடப்பது மட்டும் பாவம், அவர் கண்ணில் படவே படாது. அவர் சம்சாரம் பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தார். நோயாளி வாயைப் பிளந்து, பஞ்சும் குழாயுமாகக் கிடக்கும்போதுதான் அந்த டாக்டர் பேச்சுக் கொடுப்பார். "அடுத்த பல்லையும் சுத்தம் பண்ணிடலாமா?" என்பார். நோயாளி "ங்ங்" என்பார். சம்மதம்! இந்த வித்தையை அம்மையார் பத்திரமாக வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அப்படித்தான் வினையே ஆரம்பித்தது. அன்று காலை கண்ணாடிக்காரர் வாய் நிறைய ரொட்டியை வைத்து மென்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, இனிமே ஞாயிற்றுக்கிழமை சமையல் உங்களோடது. சரிதானே?"

"ம்ம்ங்..."

"ரொம்ப சந்தோஷம். தலையாட்டிட்டீங்க."

அவசரமாக விழுங்கியதில் புரையேறியது. "அடியே, அது தலையாட்டல் இல்ல! மெல்லும்போது தாடை ஆடாதா?"

"சரி, நியாயமாவே போவோம். இந்த ஞாயிறு எங்க அண்ணன் சாப்பிட வராரு. நீங்க சமைங்க. அவரு வாயில வைக்க முடியலைன்னா விட்டுடறேன். நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, ஞாயிறு தவறாம நீங்கதான்."

ஞாயிறு மத்தியானத் தூக்கம் என்றால் கண்ணாடிக்காரருக்கு உயிர். வாரம் பூராவும் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவர், அந்த ஒரு நாள்தான் தன் கண்ணை மூடுவார். அதற்கே ஆபத்து! எப்படியாவது சமையலைக் கெடுத்தாக வேண்டும். உப்பை அள்ளிப் போட்டால் வேண்டுமென்றே செய்ததாகப் பிடித்துவிடுவாள். யாரும் சந்தேகப்படாத ஆயுதம் வேண்டும்.

ஆயுதம் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. வசாபி. பற்பசை மாதிரி ஒரு சின்ன டியூபில், ஜப்பான்காரர்கள் தொட்டுக்கொள்ளும் காரமான பச்சை விழுது. மச்சான் கப்பலில் சமையல்காரர். போன தடவை வந்தபோது கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கே கண்ணாடிக்காரர் ஒரு விரலில் எடுத்து நக்கிப் பார்த்திருக்கிறார். நாக்கில் ஒன்றுமே இல்லை. 'இவ்வளவுதானா?' என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. மிளகாய் என்றால் நாக்கோடு நிற்கும். இது நேராக மூக்கில் ஏறி, புருவத்தைப் பிளந்து, உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாடெல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயிற்று. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே இறங்கிவிட்டது என்றாலும் அந்தப் பயம் இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இன்னொரு அதிர்ஷ்டமும் அடித்தது. படுக்கையறையில் சம்சாரம் போனில் பேசியது கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"என்ன அண்ணே சொல்றே? வசாபியைக் கொதிக்கிற சூப்புல போட்டா காரம் மூணு மடங்காயிடுமா? ஐயையோ! நல்ல வேளை சொன்னே. இவருக்குத் தெரியாமப் பாத்துக்கறேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக்காரர் ஒரு குதி குதித்தார். சத்தமில்லாமல்தான்.

மறுநாள் பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சூப் தளதளவென்று கொதித்தது. டியூபை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கினார். முன்பே யாரோ கொஞ்சம் பிதுக்கின மாதிரி அது ஒட்டிப்போயிருந்தது. அதையெல்லாம் யோசிக்க அவருக்கு ஏது நேரம்? மிச்சம் மீதி இல்லாமல் உள்ளே தள்ளி, இன்னும் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டார். இரக்க குணம் உள்ளவர், அழப்போகிற மச்சானுக்காக மேசையில் கைக்குட்டை வேறு மடித்து வைத்தார்.

மச்சான் வந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி குடித்தார். புருவத்தைத் தூக்கினார். கண்ணாடிக்காரர் கைக்குட்டையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மாப்பிள்ளை, இதுல வசாபியா?"

"ஆமா மச்சான். காரம் தாங்கலையா? விட்டுடுங்க, வெளியில வாங்கிச் சாப்பிட்டுக்கலாம்."

"காரமா? எங்க இருக்கு காரம்? சூடு பட்டா அது பறந்துடுமே! லேசா ஒரு வாசனை மட்டும் நிக்கும். காரம் வேணும்னா ஆறின பண்டத்துல, சாப்பிடற நேரத்துல தொட்டுக்கணும். வெண்ணெயிலயோ தயிர்லயோ கலந்தா பூனைக்குட்டி மாதிரி சாதுவாயிடும். இந்த நெளிவுசுளிவெல்லாம் தெரிஞ்சு கொதிக்கவிட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க! இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

"நீங்கதானே நேத்து போன்ல மூணு மடங்குன்னு சொன்னீங்க?"

"நேத்தா? நேத்து பூரா என் போன் ரிப்பேர் கடையிலதானே கிடந்துச்சு!"

கண்ணாடிக்காரர் மெல்லத் திரும்பினார். சம்சாரம் ஒன்றும் தெரியாதவர் போல வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தன் வீட்டுக்குள்ளேயே பார்வை தெளிந்தது. மோசம் போய்விட்டோம்! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மானம் போனால் போகட்டும், தூக்கமாவது மிஞ்சட்டும் என்று எழுந்து நின்றார்.

"மச்சான், உண்மையைச் சொல்லிடறேன். இந்த சூப்பை நான் வேணும்னேதான்..."

"என்னங்க, ஆ காட்டுங்க."

பல் ஆஸ்பத்திரிக் குரல். அந்தக் குரலுக்குத் திறக்காத வாய் கிடையாது. அவர் வாயும் தானாகத் திறந்தது. ஒரு வெள்ளரித் துண்டு உள்ளே போனது. கடித்த பிறகுதான் அதன் அடியில் எதுவோ வழவழவென்று அப்பியிருப்பது தெரிந்தது. ஜில்லென்று இருந்தது. அடுப்பையே பார்க்காத பச்சை.

மூக்கில் ஏறியது. காது அடைத்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மேசையை இரண்டு கையாலும் குத்தினார். தலை தன் இஷ்டத்துக்கு மேலும் கீழும் ஆடியது.

"அண்ணன் தீர்ப்பு சொல்லிட்டாரு. இனிமே ஞாயிறு உங்க சமையல்தானே?"

தலை ஆடியது.

"அடடா, ஒரு பாராட்டுக்கே மனுஷன் இப்படி உருகிட்டாரே!" என்று மச்சான் நெகிழ்ந்துபோய், மடித்து வைத்திருந்த கைக்குட்டையில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சம்சாரம் இன்னும் ஏதோ கேட்டார். அடைத்த காதில் அது விழவில்லை. தலை மட்டும் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

ஒருவழியாக மூச்சு திரும்பியது. தண்ணீர் கொடுத்து, முதுகை ஆதரவாகத் தடவிவிட்ட சம்சாரத்தை அவர் பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தார்.

"தோத்துட்டேன் தாயே. ஞாயிற்றுக்கிழமை நானே சமைக்கிறேன்."

"ஞாயிறு மட்டும்னு யாரு சொன்னா? சனிக்கிழமையையும் சேர்த்துக்கவான்னு கேட்டப்போதானே நீங்க ரொம்ப வேகமாத் தலையாட்டினீங்க!"