பதினோரு பேருக்கும் தொண்ணூற்றொன்று

முதல் தாளில் தொண்ணூற்றொன்று. இரண்டாவதிலும் தொண்ணூற்றொன்று. மூன்றாவதைப் புரட்டும்போதே ஓவிய ஆசிரியருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

இயற்பியல் டீச்சர் பல்வலி என்று விடுப்பில் போக, அந்த வகுப்பு இவர் தலையில் விழுந்ததால் வந்த வினை. துகள்களை மோதவிடும் ஏதோ ஓர் ஆய்வகம், தன் பதிவுகளை மாணவர்களுக்கும் ஓவியர்களுக்கும் இணையத்தில் சும்மா திறந்துவிட்டிருந்தது. ஆளுக்கு ஆயிரம் மோதல்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்த எண் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, வரைபடம் போட்டு, உச்சி எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுத வேண்டும். சிறந்த படத்தைக் கண்காட்சிக் கூடத்தின் சுவர் முழுக்க ஓவிய ஆசிரியர் தீட்டுவார். இருபது வருடமாக அவர் ஏங்கிய சுவர் அது.

"ஆளுக்கு ஒரு கட்டு. எல்லாம் வேற வேற மோதல். விடை மட்டும் எப்படிடா ஒண்ணு?"

"தெரியல சார். எண்ணினோம், வந்துச்சு."

நேரே புகார் செய்யவும் பயம். போன வருடம் இரட்டையர் இருவரை ஒரே ஆள் இரண்டு முறை பரீட்சை எழுதியதாகப் பிடித்துக்கொடுத்தவர் அவர். "இன்னொரு தப்பான புகார் வந்தா, சுவரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

கட்டுகளை மாற்றிக் கொடுத்தார். தொண்ணூற்றொன்று.

பைகளைப் பிடுங்கி, ஒருத்தனை நூலகத்தில், ஒருத்தியை மாடிப்படியில் என்று பிரித்து உட்காரவைத்தார். "யாரும் இருமக்கூடாது!" என்றும் உத்தரவு போட்டார். தொண்ணூற்றொன்று.

கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே ஒரு கட்டை எண்ணினார். தொண்ணூற்றொன்று. தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான், ஓவிய அறையிலேயே விட்டுவைத்த பன்னிரண்டாவது பெண், வகுப்பே தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிறவள், தன் தாளை நீட்டினாள். அறுபத்துநாலு! இடப்பக்கம் செங்குத்து, வலப்பக்கம் மெல்லிய சரிவு. அந்த வளைவைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது.

"இவ ஒருத்திதான் மேடம் நேர்மை! மத்த பதினோரு பேரும் காப்பி!" அவளையும் கூட்டிக்கொண்டு போய், தலைமையாசிரியையின் மேசைமேல் தாள்களைப் பரப்பினார். "சுவர்ல வரையணும்னா இதைத்தான் வரையணும். என்ன ஒரு கை!"

தலைமையாசிரியை இயற்பியல் டீச்சருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"ஐயோ சார்!" வீங்கின கன்னத்தோடு குரல் வந்தது. "எல்லாரும் கண்டுபிடிக்கிறது ஒரே துகளோட எடையை. எந்த மோதலை எண்ணினாலும் தொண்ணூத்தொண்ணுகிட்டதான் வரணும். வேற வந்தாதான் சந்தேகப்படணும்."

ஓவிய ஆசிரியர் அறுபத்துநாலு எழுதிய தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுவர் கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை அந்தப் பெண்ணைப் பார்த்தார். "உனக்கு மட்டும் எப்படிம்மா அறுபத்துநாலு?"

"எனக்கு எண்ண வரல மேடம்" என்றாள் அவள், தலையைச் சொறிந்தபடி. "ஓவிய ரூம்ல எதிர் சுவத்துல சார் வரைஞ்ச மலை மாட்டியிருந்துச்சு, அதைப் பார்த்து அப்படியே காப்பியடிச்சுட்டேன்."