எருதுத் தடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்

மூன்றாம் நாள் காலையிலும் கண்ணாயிரம் மோட்டார் சைக்கிளோடு வைக்கோல் போருக்குள்தான் போய் நின்றார்.

"சார், உள்ள கீறீங்களா?" என்று வெளியிலிருந்து உள்ளூர் எருதுக்காரன் தீர்த்தகிரி கேட்டான்.

"கீறேன். மொதல்ல வண்டிய இழு. சூடு பட்டு வைக்கோல் பத்திக்கப் போவுது."

சொல்லி முடிப்பதற்குள் பற்றிக்கொண்டது. ஊரே குடத்தோடு ஓடிவந்து அணைத்தது. அரை போர் சாமை வைக்கோல் போயிற்று. கண்ணாயிரத்துக்கு இடது பக்க மீசையும் போயிற்று.

கண்ணாயிரம் போளூர்க்காரர். ஜவ்வாது மலையில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் தற்காலிக வேலை. இரண்டு வருஷமாக ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அப்போதுதான், எண்பத்திரண்டாம் வருஷம், ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு வண்டியும் கொடுத்து, வேலையையும் நிரந்தரமாக்குவார்களாம். ஓட்டத் தெரியுமா?

சாதா சைக்கிளிலேயே குரங்குப் பெடலைத் தாண்டாத மனிதர், "நன்றாகத் தெரியும்" என்று எழுதி அனுப்பினார். 'நன்றாக' இல்லாமலேயே எழுதியிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

வண்டி லாரியில் வந்து இறங்கியது. கூடவே ஒரு கடிதம். மேலதிகாரி அருணகிரி நேரில் வந்து ஓட்டிக் காட்டச் சொல்வாராம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அருணகிரி சரியாக எட்டாம் நாள் வருவதாக எழுதியிருந்தார்.

நல்லவேளையாக வாணியம்பாடி லத்தீப் அன்று மலையில் இருந்தார். புளி வாங்க வருகிறவர், வண்டி ஓட்டுவதில் பழுத்தவர். ஊரார் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, ரோட்டில் ஓட்டிக் காட்டினார்.

"இது கிளட்சு. இது கியர். இந்தக் கைப்பிடியப் புடிச்சு, இங்க காலால அழுத்துனா கப்புனு நின்னுடும். அவ்ளோதான் சார்!"

கப்பென்று நின்றது. தீர்த்தகிரி குனிந்து, கைப்பிடியிலிருந்தும் கால்கட்டையிலிருந்தும் எது எங்கே போகிறது என்று கண் கொட்டாமல் பார்த்தான். லத்தீப் புளி மூட்டைகளோடு மலை இறங்கிவிட்டார்.

மலை ரோட்டில் பழகினால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். "எங்க எருதுத் தடம் கீதே சார்," என்றான் தீர்த்தகிரி. பொங்கலுக்கு எருது விடும் தடம். இருநூறு கெஜம், நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். தடத்தைப் பார்த்துக்கொள்வது அவன் குடும்பம்தான். வண்டியையும் தன் கொட்டகையிலேயே, பந்தய எருது ராசாவுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான்.

"திருடன் வந்தா ராசா முட்டிடும் சார். நீங்க நிம்மதியா தூங்குங்க."

மறுநாள் விடிந்ததிலிருந்து ஆரம்பித்தது கண்ணாயிரத்தின் கஷ்டம். வண்டி கிளம்பியது, ஓடியது. நிற்க மட்டும் மாட்டேன் என்றது. கைப்பிடியைப் பிடித்தார், காலால் மிதித்தார், குலதெய்வத்தைக் கூப்பிட்டார். முதல் நாள் ஆமணக்குக் கொல்லையில் போய் விழுந்தார். அடி படாமலிருக்கத்தான் கோடியில் வைக்கோல் போர் போட்டார்கள். அதன் கதையைத்தான் பார்த்தோம்.

ஆலங்காயம் பஸ் கண்டக்டரிடம் லத்தீப்புக்குச் சீட்டுக் கொடுத்தனுப்பினார். பதில் மறுநாளே வந்தது.

"பயந்துகிட்டே வந்தா நிக்காது சார். நல்லா வேகமா வந்து, ஒரே அழுத்தா அழுத்தணும்."

நல்லா வேகமாக வந்தார். ஒரே அழுத்தாக அழுத்தினார். தடத்தைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அம்மாக்கண்ணு வீட்டுக் கோழிக்கூண்டில் போய் முடிந்தது.

"இன்னா சார், ஊசி போட வந்தீங்களா, உசுர எடுக்க வந்தீங்களா?" என்று அவள் இரண்டு கோழிகளைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள்.

கண்ணாயிரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "லத்தீப் அழுத்துனா நிக்குது. நான் அழுத்துனா நிக்க மாட்டேங்குதே. என் கால்லதான் ஏதோ கோளாறு."

"எருது மட்டும் தானா நிக்குமா சார்? ஆள் வெச்சுப் புடிக்கணும்," என்றான் தீர்த்தகிரி.

எருது பிடிக்கிற ஆட்கள் நாலு பேரை அவனே தடத்தின் கோடியில் நிறுத்தினான். பாவம், கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எருதுக்குக் கொம்பு இருக்கிறது, திமில் இருக்கிறது. இதற்கு எதைப் பிடிப்பது? ஒருவன் கண்ணாயிரத்தின் கழுத்தைப் பிடித்தான். வண்டி போய்விட்டது, கண்ணாயிரம் அவன் கையில் இருந்தார்.

ஏழாம் நாள் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்து நிறுத்தப் பார்த்தார். செருப்பு அடியோடு பிய்ந்ததுதான் மிச்சம்.

எட்டாம் நாள் அருணகிரி ஜீப்பில் வந்து இறங்கினார். சலவைச் சட்டை, கையில் பேனா.

"என்னய்யா, மீசை ஒரு பக்கம்தான் இருக்கு?"

"மலைக் காத்துங்க சார்."

"சரி, நான் அந்தக் கோடியில நிக்கிறேன். வந்து எனக்கு முன்னால நிறுத்து. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புறேன்."

"அங்க வேணாங்க சார். ஓரமா..."

"நான் நிக்கிற எடத்த நீ சொல்றியா?"

கண்ணாயிரம் வண்டியில் ஏறினார். போளூரில் மனைவி சம்பூர்ணம், நிரந்தரமாகிவிடும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிளம்பினார். பாதித் தடத்தில் திறந்தார். அருணகிரி பெரிதாகிக்கொண்டே வந்தார். பிடித்தார், மிதித்தார், "தள்ளிக்கோங்க சார்!" என்று அலறினார். மேலதிகாரி ஜவ்வாது மலையில் எந்த எருதும் தாண்டாத தாண்டு தாண்டி எருக்குழிக்குள் விழுந்தார். பின்னாலேயே வண்டியும் கண்ணாயிரமும் வந்து சேர்ந்தார்கள்.

சாணியை வழித்துப் போட்டுக்கொண்டு எழுந்த அருணகிரி ஜீப்பிலிருந்து உத்தரவுத் தாளை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"பிரேக்குனா என்னன்னே தெரியாத ஆளு! நீ எல்லாம் 'நன்றாகத் தெரியும்'னு எழுதுற! வண்டியும் கிடையாது, வேலையும் கிடையாது."

கண்ணாயிரத்துக்கு, இரண்டு வருஷம் நடந்த நடையெல்லாம் ஒரு கிறுக்கலில் போகப்போகிறதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேனா தாளைத் தொடும் நேரத்தில், தீர்த்தகிரி கொட்டகையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, கையிலிருந்த இரண்டு கம்பிகளை அருணகிரியிடம் நீட்டினான்.

"சாரத் திட்டாதீங்க ஐயா, அவரு நல்லாத்தான் அழுத்துறாரு. எங்க தடத்துல மூக்கணாங்கவுறோட எதையும் ஓட வுட்டா சாமி குத்தம், அதான் புடிச்சா நிக்கிற கம்பி ரெண்டையும் மொத நாளே நான் கயட்டி வெச்சிட்டேன்!"