பின்னறைக்கு ஒரு ஒயர்

"ஓட்டையா? எங்க செவுத்துலயா? பேடப்பா, பேடா! வேணவே வேணாம்!"

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்கார நாகம்மா மாடிக்கு ஏறி வந்து, இரண்டு கைகளையும் விரித்துச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டாள். டிரில்லிங் மெஷினும் கையுமாக நின்ற டிஷ் மெக்கானிக் முனிராஜ், கருப்பசாமியைப் பார்த்தான். கருப்பசாமி விட்டத்தைப் பார்த்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கண் இரண்டும் மிளகாய் வைத்த மாதிரி எரிந்தன.

"சின்ன ஓட்டைதான்க்கா. ஒரு ஒயர் போனாப் போதும். ஹால்ல இருந்து பின்னால ரூமுக்கு" என்றான் கருப்பசாமி.

"இன்னைக்கு ஒயர் போவும், நாளைக்கு எறும்பு போவும். டிவி ஹால்ல நல்லாத்தானே ஓடுது? அங்கயே இருக்கட்டும் விடுங்க தம்பி."

ஹாலில் நல்லாத்தான் ஓடியது. கருப்பசாமிக்கு வந்த வினையே அதுதான்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனியில் மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் மாரடிப்பவன் அவன். மனைவி வீரலட்சுமிக்கு போன் கம்பெனியில் பகல் ஷிப்ட். ஒரு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியார் சரோஜம்மாள் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. அந்த ஒரு மாதமாகத்தான் கருப்பசாமிக்குத் தூக்கம் இல்லை.

காலையில் வந்து ஹாலில் படுப்பான். கண் சொருகும். நல்ல தூக்கம் பிடித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, அடுப்படிக்குள் இருந்தபடி மாமியார் பார்க்கும் ஹால் டிவி திடீரென்று அலறும். யாரோ ஒரு மருமகளை யாரோ வீட்டை விட்டு வெளியே தள்ளுவார்கள். அவள் போகிறபோது சபதம் வேறு செய்துவிட்டுப் போவாள். இவன் எழுந்து உட்கார்ந்தால் சத்தம் தானாகக் குறையும். மறுபடி படுத்துக் கண் அசந்தால் அடுத்த சபதம்.

"அத்தை, சத்தத்தக் கொறைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அவர்கள் குடும்பங்களில் அந்தப் பழக்கம் இல்லை. சரோஜம்மாள் மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காரமாட்டாள், முகம் பார்த்துப் பேசவும் மாட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்பதைக்கூட அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் கேட்பாள். மகள் வேலைக்குப் போயிருந்தால் இடுப்பில் இருக்கும் பேரனிடம் கேட்பாள். அப்படிப்பட்ட மாமியாரிடம் மாப்பிள்ளை போய்க் குறை சொல்வதாவது!

மனைவியிடம் சொல்லிப் பார்த்தான்.

"எங்கம்மா பகல் பூரா நம்ம பிள்ளையத் தூக்கிச் சொமக்கு. டிவி பாக்கதுகூட ஒங்களுக்குப் பொறுக்கலையாக்கும்?"

"பாக்கட்டும், யாரு வேண்டாம்னா? அத்தைக்குக் காது மந்தமான்னுதான் கேக்கேன்."

"மந்தமா? தெருமுனையில குசுகுசுன்னு பேசினா இங்க இருந்து வெவரம் சொல்லும் எங்கம்மா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் கம்பெனியில் முடியவில்லை. போன வாரம் மெஷினுக்கு முன்னால் நின்ற வாக்கிலேயே தூங்கி, ஒரு டிரே கியரைத் தலைகீழாக அடுக்கிவிட்டான். சூப்பர்வைசர் குருமூர்த்தி கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த வெள்ளிக்கெழம பர்மனென்ட் லிஸ்ட் அனுப்பறேன். உன் பேரு இருக்குது. அதுக்குள்ள இன்னொரு வாட்டி தூங்கிப் பாத்தேன், பேர எடுத்துருவேன். அப்புறம் என்னைச் சொல்லாத."

மூன்று வருட உழைப்பு ஒரு கொட்டாவியில் போய்விடும் நிலைமை. பின்னறையில் போய்ப் படுக்கலாம் என்றால் அது மாமியார் படுக்கும் அறை. அங்கே மாப்பிள்ளை கால் வைக்கவும் முடியாது. எனவே டிவியைப் பின்னறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவது என்று முடிவு செய்தான். அந்த அறைக்கு கேபிள் பாயிண்ட் கிடையாது என்பதை டிவியைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கவனித்தான்.

"பாட்டிக்கு ஹாலே போதும்னு ஒங்க அப்பாகிட்டச் சொல்லுலே ராசா" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ராசா விரலைச் சப்பிக்கொண்டு சும்மா இருந்தான். மாமியாரின் பெருந்தன்மையை நினைத்துக் கருப்பசாமிக்கு மனசு உருகியது. எப்படியும் இதைச் செய்தே தீருவது என்று உறுதி கூடியது.

சுவர் ஆகாது என்றதும் முனிராஜ் வேறு வழி சொன்னான். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து புது ஒயர் இழுத்து, வெளிச்சுவர் வழியாகத் தொங்கவிட்டு, பின்னறை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தான். ஒயர் நடுவில் இருந்ததால் ஜன்னலைச் சாத்த முடியவில்லை. சாத்தாத ஜன்னல் வழியாக ஒரு பூனை வந்து, பிள்ளைக்கு ஆற்றி வைத்திருந்த பாலைக் குடித்துவிட்டுக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டது. பிள்ளை வீறிட்டான். கீழே நாகம்மாவும் வீறிட்டாள்.

"என் துளசி மாடத்துக்கு மேலதான் ஒயர் தொங்கணுமா? எடுங்க, மொதல்ல எடுங்க!"

எடுத்தார்கள். டிஷ்ஷையே பின்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு மாற்றினால் துளசிக்குத் தொந்தரவு இல்லை என்றான் முனிராஜ். மாற்றினான். அந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த நான்கு மாடிக் கட்டடம் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, மருமகள் கண்ணுக்குக் கீழே மாமனார் மீசை வந்தது.

டிஷ் பழைய இடத்துக்கே திரும்பியது. முனிராஜ் மேலே நின்று அதைத் திருப்ப, கருப்பசாமி ஹால் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு கத்தினான்.

"வருது... வருது... போச்சு!"

"இப்ப சார்?"

"இன்னும் போச்சு!"

இரண்டு மணி நேரம் இது நடந்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றைய தூக்கமும் போச்சு.

மறுநாள் முனிராஜ் ஒரு ஜோடி டப்பாக்களோடு வந்தான். "ஒயரே வேணாம் சார். இது ஹால் பாக்ஸ்ல, இது ரூம் டிவியில. காத்துல போவும் படம்."

படம் காற்றில் போனது. கருப்பசாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் படுத்தான். கண் மூடியது.

"ஏலே ராசா, பாட்டி வேற சேனல் பாக்கணுமாம்னு ஒங்க அப்பாகிட்டச் சொல்லு."

செட்டாப் பாக்ஸ் இருப்பது ஹாலில். ரிமோட்டை அதன் முன்னால் அமுக்கினால்தான் மாறும். அவனைத் தாண்டி ஹாலில் நடமாட மாமியாருக்குக் கூச்சம். ராசாவுக்கு இன்னும் நடை வரவில்லை. மிச்சம் இருந்தது கருப்பசாமிதான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சேனல் மாற்றினான். விளம்பரம் வந்தால் அதற்கும் ஒரு நடை. அன்று ராத்திரி வேலையில் அவன் தூங்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், பக்கத்து மெஷின்காரன் மூன்று தடவை முதுகில் அறைந்ததுதான்.

வியாழக்கிழமை விடிந்தது. இன்று தூங்காவிட்டால் நாளை லிஸ்ட்டில் பெயர் இல்லை. கருப்பசாமி பல்லைக்கூட விளக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து காவல் காத்தான். எட்டரை மணிக்கு நாகம்மா பட்டுச்சேலையோடு தேன்கனிக்கோட்டைக்கு வளைகாப்பு என்று கிளம்பினாள். ஆட்டோ தெரு திரும்பியதும் போன் போட்டான்.

"முனிராஜ், மெஷின எடுத்துக்கிட்டு ஓடி வாய்யா. எதுன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

ஓட்டை அரை நிமிடத்தில் விழுந்தது. அடுத்த அரை நிமிடத்தில் அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து முனிராஜின் முகத்தைக் கழுவியது.

"பைப்பு சார்!"

"அது எனக்குத் தெரியுதுய்யா, அடை!"

கட்டைவிரலால் அடைத்தான், துணியால் அடைத்தான். அதற்குள் தண்ணீர் ஹாலைக் கடந்து, படியில் இறங்கி, கீழ்வாசலில் நாகம்மா காயப்போட்டிருந்த ராகியில் போய்ச் சேர்ந்தது. மேல்தொட்டி வால்வை மூடி, பசை வைத்து ஓட்டையை அடைத்து, ஒரு சாண் தள்ளி இரண்டாவது ஓட்டை போட்டார்கள். இந்த முறை தண்ணீர் வரவில்லை. ஒயர் உள்ளே போனது. பாக்ஸும் ரிமோட்டும் மாமியாரும் பின்னறைக்குள் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. கதவும் சாத்தியாகிவிட்டது.

கருப்பசாமி ராகியைக் கிளறிவிட்டு வந்து படுத்தான். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவன் கால்களை நீட்டிச் சந்தோஷமாகச் சிரித்தான். வீட்டுக்காரி வந்து வெட்டினாலும் வெட்டட்டும் என்று நினைத்தது வரைதான் அவனுக்கு ஞாபகம்.

படபடவென்று கதவு தட்டப்பட்டபோது மணி மதியம் இரண்டு. எழுந்தான். பின்னறையில் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். கதவைத் திறந்தால் பட்டுச்சேலையோடு நாகம்மா நின்றாள். முகம் சிவந்திருந்தது. தலைமுடி கலைந்திருந்தது. காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

"அக்கா, ராகிய நானே வாங்கித் தந்துருதேன். செவுத்தையும் இந்த ஞாயித்துக்கெழமையே பூசி..."

நாகம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே எடுத்துக் கும்பிட்டாள்.

"ராகி போனாப் போவுது, செவுரு இடிஞ்சாலும் இடியட்டும் தம்பி, அந்த டிவிய மட்டும் மறுபடி ஹால்லயே கொண்டாந்து வெச்சுடுங்க! நீங்க கொறட்டை விட ஆரம்பிச்ச ஒடனே சவுண்ட ஏத்திடுங்கம்மான்னு உங்க மாமியார்கிட்ட அவங்க வந்த மொத நாளே கேட்டுக்கிட்டது நான்தான்!"